சிலேட்டு வாங்குன கதை

2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, டிவில எல்லாம் போட்டுப் போட்டு காட்டுனானே, அன்னைக்குத்தான் எங்க தங்கச்சிமடம் வீட்ல கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ள தண்ணி ஏறுச்சு. பெட்டிக்குள்ள நகையா இருந்துச்சு, புத்தகம்தான். இருபது வருசமா ராமநாதபுரம் புத்தகத் திருவிழா, மதுரை பழைய புத்தகக் கடைன்னு அலைஞ்சு சேத்தது. மறுநாள் வெயில் வந்ததும் மொட்டை மாடியில தார்ப்பாய் விரிச்சு கருவாடு காயப்போடுற மாதிரி ஒன்னொன்னா விரிச்சுப் போட்டேன், காஞ்சுச்சு, ஆனா எல்லாம் பணியாரம் மாதிரி உப்பிப்போச்சு, பாதி புத்தகத்துல பக்கத்தோட பக்கம் ஒட்டி பிரிச்சா கிழியுது.

மழை ஒரு சாக்குதான், உண்மையச் சொன்னா அதுக்கு முன்னாடியே பாதி போயிருச்சு. இங்க உப்புக்காத்துல பேப்பர் எப்பவும் நமத்துப்போய்தான் இருக்கும், தைச்ச கம்பி துரு ஏறி நடுப்பக்கம் கையோட வரும், மிச்சத்தை ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டுரும். தனுஷ்கோடி பக்கத்துல குடியிருந்துட்டு ராமபாணத்துக்கு தப்பிக்க முடியுமான்னு நானே எனக்கு ஜோக் சொல்லிக்குவேன், வீட்ல யாரும் சிரிக்க மாட்டாங்க.

"ஏங்க, இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு புத்தகம் வந்துச்சு, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்"னு வீட்ல சொல்லிட்டாங்க. சரி, புத்தகம் படிக்கிறதுக்குன்னே இருக்க இ-ரீடர் மெஷின் ஒன்னு வாங்கிருவோம்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். வாங்குனது அடுத்த ஜூலையில. நடுவுல எட்டு மாசம் என்ன பண்ணேன்னுதான் இந்த போஸ்ட்டு.

முதல்ல நான் எங்க எப்ப படிப்பேன்னு சொல்லிரணும். நான் துறைமுகத்துக்கிட்ட ஒரு ஐஸ் கம்பெனில கணக்கு எழுதுறேன். இங்க விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் விடியக்காலம் திரும்பும். போறப்ப எந்த போட்டுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறுதுன்னு எழுதணும், வர்றப்ப மீன் பெட்டிக்கு எவ்வளவு போகுதுன்னு எழுதணும். நடுவுல காத்துக்கெடக்கறதுதான் வேலையே. மூணரை மணிக்கு போய் உக்காந்தா போட்டு நாலரைக்கு வந்தாலும் வரும், ஏழு மணிக்கு வந்தாலும் வரும், காத்தைப் பொறுத்து. அந்த நேரம்தான் என் நேரம். அப்ப இருட்டு. ஏழு மணிக்கு மேல நேரா மூஞ்சில வெயில். கை எப்பவும் ஈரம், இல்லாட்டி மீன் செதிலு. இந்த மூணையும் மனசுல வச்சுக்கங்க.

போன்லயே படிக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு ஒன்னே ஒன்னு. வெயில்ல போனை எடுத்துட்டு கடற்கரையில நின்னு பாருங்க, உங்க மூஞ்சிதான் தெரியும். அப்புறம் ரெண்டு பக்கம் படிக்கறதுக்குள்ள முதலாளி கூப்பிடுவாரு, கேரளாக் கம்பெனிக்காரன் கூப்பிடுவான், வாட்ஸப்ல எவனாவது குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புவான்.

நண்பன் ஒருத்தன் பழைய இ-ரீடர் ஒன்னு வச்சிருந்தான், எந்தக் கம்பெனின்னு வேணாம், ரெண்டு வாரம் குடுத்தான். வெயில்ல அதைப் பாத்தப்பதான் அசந்துட்டேன், வெயில் ஏற ஏற எழுத்து நல்லாத் தெரியுது. இதுக்கு இ-இங்க்னு பேரு. திரைக்குள்ள முடி கனத்துல குட்டி குட்டி குமிழு லட்சக்கணக்குல இருக்கு, ஒவ்வொரு குமிழுக்குள்ளயும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எண்ணெய் மாதிரி ஒரு திரவத்துல மெதக்குது, ரெண்டுக்கும் எதிர் எதிர் மின்னூட்டம். கரண்ட்டை இந்தப் பக்கம் குடுத்தா கறுப்பு மேல வரும், அந்தப் பக்கம் குடுத்தா வெள்ளை மேல வரும். அவ்வளவுதான் எழுத்து. மேல வந்த துகள் அங்கேயே நிக்கும், கரண்ட்டே வேணாம், பக்கம் திருப்புறப்ப மட்டும்தான் சார்ஜு செலவு. அதனாலதான் வாரக்கணக்குல நிக்குது. போன் மாதிரி உள்ள இருந்து வெளிச்சம் அடிக்கிற சமாச்சாரம் கிடையாது, வெளிய இருக்க வெளிச்சம்தான் பேப்பர்ல படுற மாதிரி பட்டுத் திரும்புது. அதே காரணத்துக்கு இருட்டுல ஒன்னும் தெரியாது. இப்ப வர்றதுல ஓரத்துல சின்ன எல்இடி வச்சு திரை மேலயே வெளிச்சம் பரப்பிவிடுறான், நண்பன் வச்சிருந்த பழசுல அது இல்ல. நான் தலையில டார்ச்சு மாட்டிக்கிட்டு படிச்சேன். ஒரு டிரைவர் அண்ணே பாத்துட்டு, "என்ன தம்பி, இந்த வயசுல சிலேட்டைத் தூக்கிட்டு அலையிற"ன்னாரு. அன்னையில இருந்து துறைமுகத்துல அதுக்குப் பேரு சிலேட்டுதான்.

அந்த சிலேட்டை நான் உடைச்சுட்டேன், அதையும் சொல்லிரணும். கணக்கு நோட்டு, கால்குலேட்டர், சாப்பாட்டு டப்பா எல்லாம் இருக்க பைக்குள்ள வச்சு, பை மேல ஒருத்தன் உக்காந்துட்டான். மேல பாத்தா ஒரு கீறல் இல்ல, ஆன் பண்ணா பாதித் திரை வரி வரியா செத்துக் கெடக்கு. பெரும்பாலான இ-இங்க் திரைக்கு அடியில மெல்லிசா ஒரு கண்ணாடித் தகடு இருக்கு, மேல ஒன்னும் ஆகாம அது மட்டும் விரியும். திரை மாத்துற செலவுல இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துரும். நண்பனுக்கு காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னான், ஒரு கிலோ எறாலாக் குடுத்து கழிச்சேன். கெட்டி அட்டை கவர் இல்லாம எந்த ரீடரையும் வாங்காதீங்க. கவரை அப்புறம் வாங்கிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

இப்ப நமக்கே ஒன்னு வேணும். சிங்கப்பூர்ல இருக்க மச்சானுக்கு போன் போட்டேன், அவருதான் வீட்டுல பெரிய வாசகர். "மாப்ள, கண்ணை மூடிட்டு கோபோ வாங்கு"ன்னாரு. கோபோ கனடாக் கம்பெனி, இப்ப ஜப்பான்காரன் ரகுடென் கையில இருக்கு. அவர் சொன்ன காரணம் எல்லாம் நல்ல காரணந்தான். ஈபப்னு சொல்ற மின்புத்தக ஃபைலை அப்படியே கேபிள்ல போட்டா படிக்கும், லிப்ரா மாடல்ல பக்கம் திருப்ப நெசமாவே பட்டன் இருக்கு, அதுலயே தண்ணி தாங்குற வசதியும் இருக்கு, லைப்ரரி புத்தகம் இரவல் எடுக்க ஓவர்டிரைவ் உள்ளயே இருக்கு. அவருக்கு சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரில லிப்பி ஆப்புல தமிழ்ப் புத்தகமே இரவல் கிடைக்குதாம், கேக்கவே பொறாமையா இருந்துச்சு. ஆனா மச்சான், எனக்கு சிங்கப்பூர் லைப்ரரி கார்டு யாரு குடுப்பா? அந்தக் காரணம் அவரோட காரணம். மிச்சத்துல எனக்குப் பெருசாப் பட்டது பட்டன்தான். ஏன்னா ஈரக்கையோட தொட்டா டச்சு ஸ்கிரீன் எதுவா இருந்தாலும் கிறுக்குப் பிடிச்ச மாதிரி நடக்கும், ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அதையும் விரல்னு நெனச்சு நாலு பக்கம் தாண்டிப் போயிரும். பட்டன்னா செதிலு ஒட்டுன கையோட கூட அமுக்கலாம். இதுக்காகவே கோபோ பக்கம் மனசு ரொம்ப நாள் சாஞ்சு கெடந்துச்சு. ஆள் வர்றப்ப குடுத்துவிடுறேன்னு மச்சானும் சொன்னாரு, பழுதானா அதே மாதிரி ஆள் போறப்பதான் திருப்பி அனுப்பணுமேன்னு நான்தான் தயங்குனேன்.

யூடியூப்ல ரிவ்யூ பாத்து ஏமாந்த கதையும் உண்டு. எல்லாரும் இங்கிலீஷ் நாவல் ஒன்னைத் தெறந்து வச்சு, பாருங்க எவ்வளவு அழகா இருக்குன்னு காட்டுறான். தமிழ் அப்படி நிக்காது. நம்ம வார்த்தை நீளம், "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு"ன்னு ஒன்னு வந்தாலே ஆறு இஞ்சு திரையில பெரிய எழுத்துல ஒரு வரிய முழுங்கிரும். அடுத்த வார்த்தைக்கு இடம் இல்லாம கீழ எறங்கிரும், ரெண்டு ஓரத்தையும் சமமா இழுத்துப் புடிக்கிறதுல நடுவுல பல்லு விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையா இடைவெளி. அதை இடது பக்கம் மட்டும் சேத்து வைக்கிற மாதிரி மாத்திக்கிட்டா பாக்க சகிக்கும். இங்கிலீஷ்காரனுக்கு ஆறு இஞ்சு போதும், நாப்பது தாண்டி வெள்ளெழுத்து வந்த தமிழ்க்காரனுக்கு ஏழு இஞ்சாவது வேணும்ங்கிறது என் கட்சி.

இன்னொரு கூத்து, பழைய ரீடர் சிலதுல தமிழே ஒழுங்கா வராது. "கொ"ன்னு எழுத கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, நடுவுல எழுத்து, ஆனா கம்ப்யூட்டருக்குள்ள கொம்பும் காலும் எழுத்துக்கு அப்புறம்தான் சேமிச்சிருக்கும், காட்டுறப்ப இடம் மாத்திக் காட்டணும். அந்த வேலை தெரியாத மெஷின்ல கொம்பு தனியா, புள்ளி போட்ட வட்டம் தனியா நிக்கும். 2013-ல ஆரம்பிச்ச ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்ங்கிற தளத்துல ஒவ்வொரு புத்தகத்தையும் ஈபப், மோபியோட 6 இஞ்சு பிடிஎஃப்னு தனியா ஒன்னு வச்சிருப்பாங்க பாருங்க, தமிழ் வராத மெஷின்லயும் படிச்சிரலாம்ல. யாரோ பாவப்பட்டு நமக்காக யோசிச்சிருக்காங்க. இப்ப வர்ற அமேசானோட கிண்டில், கோபோ ரெண்டுலயும் இந்தத் தொந்தரவு இல்ல, பழசு யாராவது சும்மா குடுத்தா மட்டும் முதல்ல "கொக்கு"ன்னு ஒரு ஃபைல் போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கங்க.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வர்றேன், எட்டு மாசத்துல ஏழு மாசம் கழிச்சுத்தான் எனக்கே இது வெளங்குச்சு. எந்த மெஷின் வாங்கலாம்னே யோசிச்சுட்டு இருந்தேனே தவிர, என்ன ஃபைல் படிக்கப் போறோம்னு யோசிக்கவே இல்ல. ஒரு நாள் நான் படிக்க ஆசப்படுறதெல்லாம் எந்த ரூபத்துல கிடைக்குதுன்னு கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதிப் பாத்தேன். கணக்குப்பிள்ளை புத்தி. ஒரு பக்கம் எழுத்தா இருக்க ஃபைலு, அதாவது பெருசு பண்ணா பெருசாகி வரி மடங்கி வர்றது. 1998 பொங்கல்ல இருந்து ஓடுற மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூல் தொகுப்புல இருக்க சங்க இலக்கியம், பழைய உரைநடை எல்லாம் இந்த ரகம். காசு குடுத்து வாங்குற கிண்டில் புத்தகமும் இந்த ரகந்தான், அமேசான் 2016 கடைசியில தமிழ்ப் புத்தகம் விக்க ஆரம்பிச்சதுல இருந்து இப்ப நிறைய சேந்துருச்சு. இன்னொரு பக்கம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப், பக்கத்தை போட்டோ புடிச்சு வச்சது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஈழத்து நூலகம் தளம் ரெண்டுலயும் அள்ள அள்ளக் குறையாம கெடக்கறது பெரும்பாலும் இந்த ரகம். சேதுபதி காலத்து சமாச்சாரம், கீழக்கரை முத்து வியாபாரம், அரபுத்தமிழ்னு எங்க பக்கத்து விசயம் தேடுனா எனக்குச் சிக்குறது எல்லாம் பழைய அச்சுல ஸ்கேன் பண்ணதுதான்.

நோட்டுல கூட்டிப் பாத்தா முக்கால்வாசி ஸ்கேன் பிடிஎஃப். எந்த ரிவ்யூலயும் எவனும் வாயத் தெறக்காத ஐட்டம் அது.

போட்டோவுக்கு எழுத்து பெருசு சிறுசு எல்லாம் கிடையாது, மொத்தப் பக்கமும் திரைக்குள்ள சுருங்கணும். அளவு போட்டுப் பாருங்க. ஏழு இஞ்சுன்னு விக்கறான்ல, அது மூலைக்கு மூலை. உயரம் அஞ்சரை இஞ்சு சொச்சம், அகலம் நாலு இஞ்சு சொச்சம், அவ்வளவுதான் திரை. பழைய கிரவுன் சைஸ் புத்தகம் சுமாரா ஏழே கால் உயரம், நாலே முக்கால் அகலம். சுத்தி இருக்க வெள்ளை ஓரத்தை வெட்டிட்டா உள்ள இருக்க அச்சு ஏறக்குறைய திரை அளவுக்கே வந்துரும், சுகமா படிக்கலாம். டெமி சைஸ் எட்டரைக்கு அஞ்சரை, அதுல ஓரம் வெட்டுனாலும் அச்சு ஒரு அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும், கண்ணாடி போட்டு ஓட்டிரலாம். அதுக்கும் பெரிய புத்தகம், ரெண்டு பத்தி வச்ச பழைய பத்திரிகை, அகராதி எல்லாம் இந்த சைஸ்ல நடக்கவே நடக்காது, பத்து இஞ்சு வேணும். பத்து இஞ்சு இ-இங்க், ஆண்ட்ராய்டு போட்டு பூக்ஸ்னு ஒரு கம்பெனி விக்குது, விலையக் கேட்டா எங்க ஊர்ல ஒரு பழைய வத்தைப் படகே வாங்கிரலாம்.

ஓரம் வெட்ட கம்ப்யூட்டர்ல கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு இலவச சாமான் இருக்கு. ஓரத்தை வெட்டறதோட, போட்டோவுல இருக்க வார்த்தைகளையே தனித்தனியா நறுக்கி, சின்னத் திரைக்குத் தக்கன மறுபடி அடுக்கிக் குடுக்கும். அதுக்கு தமிழ் தெரிய வேண்டியதே இல்ல, வார்த்தைக்கு நடுவுல வெள்ளை இடம் இருந்தா போதும். அச்சு சுத்தமா இருந்தா அருமையா வரும், ஸ்கேன் சாஞ்சு கோணையா இருந்தா அடுக்குறது தாறுமாறா ஆயிரும், அந்த மாதிரிப் புத்தகத்துக்கு ஓரம் மட்டும் வெட்டிட்டு விட்டுருவேன். எழுத்து ஃபைலை ஈபப்பா மாத்த, பேர் திருத்த, அட்டை போட காலிபர். அதை எழுதுனவரு கோவித் கோயல், 2006-ல தன்னோட சோனி ரீடருக்காக ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் இலவசம்.

அடுத்து தண்ணி. எங்க ஊர்ல இதை விட்டுட்டு பேச முடியாது. தண்ணி தாங்கும்ங்கிறதுக்கு ஐபிஎக்ஸ்8னு போட்டிருக்கும், உடனே கடல்ல முக்கலாம்னு நெனைக்காதீங்க. கிண்டில் பேப்பர்வைட்டுக்கு அமேசானே சொல்ற கணக்கு, நல்ல தண்ணில 2 மீட்டர் ஆழத்துல 60 நிமிசம், கடல் தண்ணில கால் மீட்டர் ஆழத்துல வெறும் 3 நிமிசம். பாருங்க, உப்புக்கு எவ்வளவு மரியாதைன்னு. அலை தெறிச்சா நல்ல தண்ணில கழுவி, நல்லா காய வச்சுட்டுதான் சார்ஜ் போடணும், ஈரத்தோட போட்டா சார்ஜ் பின் போயிரும். 1914-ல கட்டுன பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்னு 2022 டிசம்பர்ல ரயிலை நிப்பாட்டுனாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தெறக்குற வரைக்கும் நாங்க மண்டபம் போய்த்தான் ரயில் ஏறுனோம். அந்த இரும்புக்கே அந்தக் கதின்னா இத்தூணூண்டு ஓட்டைக்குள்ள இருக்க தகடு எம்மாத்திரம். கிண்டில்லயே விலை கம்மியான அடிப்படை மாடலுக்கு இந்தத் தண்ணி காப்பு கிடையாது, அதனால அது முதல் ரவுண்டுலயே எனக்கு கழிஞ்சுபோச்சு. கடல் இல்லாத ஊர்ல ஃபேனுக்கு கீழ படிக்கிறவங்களுக்கு அது தாராளமா போதும்.

கலர் இ-இங்க்கும் இப்ப வருது. ஒரு இஞ்சுக்கு கறுப்பு வெள்ளை 300 புள்ளி, கலர் 150 புள்ளிதான், திரையும் கொஞ்சம் மங்கல். எனக்கு கலர்ல பாக்க மீன் இருக்கு.

ஏழு இஞ்சு பேப்பர்வைட் இந்தியாவுல 2025 ஏப்ரல் கடைசியில வந்துச்சு, 16,999 ரூபா. அப்ப இங்க மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், போட்டு போகாது, ஐஸ் விக்காது, எனக்கு பாதிச் சம்பளம். அந்த நேரத்துல பதினேழாயிரம்னு வாயத் தெறந்தா சோத்துல உப்பு இருக்காதுன்னு தெரியும், பொத்திக்கிட்டு இருந்தேன். ஜூன்ல கடலுக்குப் போக ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனதும் மதுரைக்கு புதுப் பாலத்து மேல ரயில்ல போய், ஒரு பெரிய கடையில கையில புடிச்சுப் பாத்தேன். 211 கிராம், ஒரு கையில நிக்குது. நான் தமிழ் எப்படி வருதுன்னு பாக்கணும்னேன், கடைப் பையன் "சார் இதுல தமிழ் எல்லாம் வராது"ன்னு அடிச்சுச் சொன்னான். தம்பிகிட்ட சண்டை போட நேரம் இல்ல, வீட்டுக்கு வந்து ஆன்லைன்ல கவரோட சேத்து ஆர்டர் போட்டேன்.

பட்டன் இல்லாத குறை குறைதான். மடியில ஒரு பழைய துண்டு வச்சிருக்கேன், தொடைச்சுட்டு தொடறேன். கோபோவே வாங்கிருக்கலாமோன்னு மாசத்துக்கு ஒரு தடவை தோணும், குறிப்பா மச்சான் போன் பேசி முடிச்ச அன்னைக்கு.

கிண்டில் வாங்குறவங்க ஒன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, அதுல காசு குடுத்து வாங்குற புத்தகம் டிரங்குப் பெட்டிப் புத்தகம் மாதிரி நம்மளது கிடையாது. 2009-ல உரிமைப் பிரச்சினைன்னு சில புத்தகத்தை வாங்குனவங்க மெஷின்ல இருந்தே அமேசான் அழிச்சுச்சு, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. 2025 பிப்ரவரி 26-ல இருந்து வாங்குன புத்தகத்தை கம்ப்யூட்டர்ல எறக்கி கேபிள்ல ஏத்துற வசதியையும் எடுத்துட்டாங்க. நம்ம சொந்த ஃபைலை கேபிள்ல போடலாம், ஈபப்பை சென்ட் டு கிண்டில்ங்கிற அமேசான் சேவை வழியா அனுப்பலாம், அதுல மாத்தம் இல்ல. அதனால நான் காசு குடுத்து வாங்குறது உயிரோட இருக்க எழுத்தாளர்களோட புதுப் புத்தகம் மட்டும், திரும்பத் திரும்பப் படிக்கணும்னு தோணுச்சுன்னா அட்டை போட்டதை ரகசியமா வாங்கி ஐஸ் கம்பெனி மேசைக்குள்ள வச்சுருவேன். வீட்ல இந்த போஸ்ட்டை படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல சொல்றேன்.

டெமிக்கு மேல இருக்க பெரிய ஸ்கேன் எல்லாம் பொண்ணு ஆன்லைன் கிளாஸுக்கு வாங்குன பழைய டேப்லெட்ல ராத்திரி வீட்ல படிக்கிறேன். ஆக ஒரு மெஷின் வாங்கி எல்லாத்தையும் முடிச்சிரலாம்னு நெனச்சது நடக்கல.

சிலேட்டுன்னு பேரு வச்ச டிரைவர் அண்ணே போன வாரம் பக்கத்துல வந்து உக்காந்து, "இதுல எழுத்து எம்புட்டு பெருசா வரும்"னு கேட்டாரு. ஆகப் பெருசா வச்சுக் காட்டுனேன். ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தை நிக்குது. கையில வாங்கி தூரமா நீட்டிப் புடிச்சு ஒரு பக்கம் வாய்விட்டுப் படிச்சாரு, அடுத்த பக்கம் எப்படித் திருப்பறதுன்னு கேக்காம மெஷினையே திருப்பிப் பின்பக்கம் பாத்தாரு. அதுக்குள்ள போட்டு லைட்டு தெரிஞ்சிருச்சு.

கே2பிடிஎஃப்ஆப்ட்ல என்னென்ன நம்பர் போடணும்னு தனியா இன்னொரு போஸ்ட்டு எழுதுறேன், படத்தோட. இன்னைக்கு சனிக்கிழமை, போட்டெல்லாம் போயிருச்சு, நாளைக்கு மூணு மணிக்கு எந்திரிக்கணும். சார்ஜ் 31 காட்டுது, புதன்கிழமை வரைக்கும் தாங்கும்.